கெரட்டோசிஸை எப்படி எடுப்பது என்பதற்கு முன்னால், அது எந்தக் கெரட்டோசிஸ்?

கேள்வி: எனக்கு வயது 52. பத்து வருடமாக இரண்டு கன்னங்களிலும் கழுத்திலும் குண்டூசித் தலை அளவில் கறுப்பாகச் சின்னச் சின்ன முளைகள் வந்துகொண்டே இருக்கின்றன. இப்போது முப்பதுக்கு மேல் இருக்கும். முதுகில் ஒன்று மட்டும் பெரிதாக, பழுப்பு மெழுகை உருக்கி ஒட்டியதுபோல் இருக்கிறது. உடை உரசினால் அரிக்கிறது. ஓர் அழகு சிகிச்சை மையத்தில் காட்டினேன். "கெரட்டோசிஸ்தான், ஒரே நாளில் லேசரில் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம்" என்றார்கள். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால், கெரட்டோசிஸ் புற்றுநோய்க்கு முந்தைய நிலை என்று போட்டிருக்கிறது. அன்றிலிருந்து தூக்கம் இல்லை. என் அப்பாவுக்கு வயது 79. அவருடைய வழுக்கைத் தலையில் சொரசொரப்பாக இரண்டு மூன்று திட்டுகள் உள்ளன. அதில் ஒன்று இரண்டு மாதமாகத் தடித்திருக்கிறது, தொட்டால் வலிக்கிறது என்கிறார். 17 வயது மகளுக்கு மேல்கையில் முள் முள்ளாக இருப்பதையும் ஒரு டாக்டர் கெரட்டோசிஸ் என்றே சொன்னார். இது பரம்பரை நோயா? எந்த சிகிச்சை நல்லது? எடுத்தால் திரும்ப வருமா? மூன்று பேரும் ஒரே க்ரீமைப் போடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: ஒரே க்ரீம் வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் இருப்பது மூன்று வெவ்வேறு சமாச்சாரங்கள். பெயரில் பாதிதான் ஒன்று.

கெரட்டின் என்பது முடிக்கும் நகத்துக்கும் தோலின் மேற்பரப்புக்கும் உறுதி தரும் புரதம். அந்தக் கெரட்டின் மிகுந்த செல்கள் ஓரிடத்தில் அளவுக்கு மீறிச் சேர்ந்து தடித்துப்போனால் அதை கெரட்டோசிஸ் என்கிறோம். 'வீக்கம்' என்கிற மாதிரி ஒரு பொதுச்சொல் அது. எதனால் வீக்கம் என்று கேட்காமல் யாரும் மருந்து எழுதுவதில்லை அல்லவா? இங்கேயும் அப்படித்தான். உங்களைத் தூங்கவிடாமல் செய்தது, உங்களுக்கு இருப்பதாகத் தோன்றாத ஒரு கெரட்டோசிஸைப் பற்றிய தகவல்.

உங்கள் முதுகில் இருப்பது செபொரிக் கெரட்டோசிஸ் போலத் தெரிகிறது. மெழுகை ஒட்டியதுபோல் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். பாடப்புத்தகங்களும் அதை அப்படித்தான் வர்ணிக்கின்றன. கன்னத்திலும் கழுத்திலும் இருப்பவை அதன் நெருங்கிய உறவு. 'டெர்மடோசிஸ் பாப்புலோசா நைக்ரா' என்று அதற்கு நீளமான பெயர் உண்டு. 1925-இல் ஆல்டோ காஸ்டெல்லானி என்ற மருத்துவர் அதை விவரித்து எழுதினார். நம்மைப் போன்ற பழுப்பு, கறுப்புத் தோல்காரர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, அதிகமாக வருவது. இவை இரண்டுமே புற்றுநோய் அல்ல, புற்றுநோய்க்கு முந்தைய நிலையும் அல்ல. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் பிற்காலத்தில் வரும் வாய்ப்பு கூடுதல், அந்த அளவுக்குப் பரம்பரை உண்டு.

நீங்கள் படித்த 'புற்றுக்கு முந்தைய நிலை' ஆக்டினிக் கெரட்டோசிஸ் என்பது. பல ஆண்டு வெயில் பட்ட இடத்தில் வருவது. உங்கள் அப்பாவின் தலையில் இருப்பது அதுவாக இருக்கலாம். அதனால் அவரைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

வெயிலின் புற ஊதாக் கதிர் தோல் செல்லின் மரபுப்பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேதப்படுத்துகிறது. முடி இல்லாத தலை, காதின் மேல்விளிம்பு, நெற்றி, புறங்கை ஆகிய இடங்களில் அந்தச் சேதம் சேர்ந்து, சொரசொரப்பான திட்டாக வெளிவருகிறது. கண்ணால் பார்ப்பதைவிட விரலால் தடவினால்தான் எளிதாகத் தெரியும். உப்புத்தாளைத் தொட்டதுபோல் இருக்கும். வெள்ளைத் தோல்காரர்களுக்கு மிகச் சாதாரணம். நம் தோலுக்கு அதன் நிறப்பொருளான மெலனின் ஓரளவு காவல் என்பதால் அபூர்வம். ஆனால் அபூர்வம் என்பதாலேயே வீட்டாரும், சில நேரம் மருத்துவரும்கூட, 'வயசானால் வரும் சொரசொரப்பு' என்று விட்டுவிடுகிறார்கள். அதில்தான் எனக்குக் கவலை.

இந்தத் திட்டுகளில் பெரும்பாலானவை புற்றாக மாறுவதில்லை. சில தானாகவே மறைவதும் உண்டு. ஆனால் எது மாறும், எது மாறாது என்று முன்கூட்டியே சொல்ல வழி கிடையாது. மாறத் தொடங்கியதற்கு மருத்துவர்கள் தேடும் அடையாளங்கள்: அடியில் தடித்துக் கெட்டிப்படுவது, தொட்டால் வலிப்பது, வேகமாக வளர்வது, ரத்தம் கசிவது, புண்ணாகி ஆறாமல் இருப்பது. இவற்றில் இரண்டை உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். பயப்படச் சொல்லவில்லை, தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன். தடித்த அந்த ஒரு திட்டில் சின்னத் துண்டு எடுத்து பயாப்ஸி செய்தாக வேண்டும். ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து எடுப்பார்கள். சில நிமிட வேலை. அது முடியும்வரை அதன்மேல் எந்த க்ரீமும் போடாதீர்கள், யாரையும் லேசர் அடிக்க விடாதீர்கள். மேற்பரப்பு எரிந்து சுத்தமாகத் தெரியும், அடியில் இருப்பது வளர்ந்துகொண்டிருக்கும். அப்படி ஒரு வருடம் தாமதமாக வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் சின்ன வெட்டோடு போயிருக்கும்.

முடிவு 'ஸ்குவாமஸ் செல் புற்று' (ஒரு வகைத் தோல் புற்று) என்று வந்தாலும் மனம் உடைய வேண்டாம். இந்த அளவில் பிடித்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சையோடு முடிந்துவிடும். வெறும் ஆக்டினிக் கெரட்டோசிஸ்தான் என்று வந்தால் பல வழிகள் இருக்கின்றன. திட்டுகள் ஒன்றிரண்டுதான் என்றால் திரவ நைட்ரஜனால் உறையவைப்பது எளிது. மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் குளிர். சில நொடிகள் தெளித்தால் போதும். சுருக்கென்று எரியும், கொப்புளம் வரலாம், பிறகு பொருக்குத் தட்டி உதிரும்.

ஆனால் ஒரு விஷயம். கண்ணுக்குத் தெரிவது மூன்று திட்டு என்றாலும், அதே வெயில் சுற்றியுள்ள தோல் முழுவதன் மேலும்தான் பட்டிருக்கிறது. அதனால் திட்டை மட்டும் எடுத்தால் அடுத்த வருடம் பக்கத்தில் இன்னொன்று எட்டிப்பார்க்கும். அந்தப் பகுதி முழுவதற்கும் சேர்த்து மருந்து போடுவதுதான் நீடித்த பலன் தரும். அதற்கு 5-ஃப்ளூரோயுராசில் 5 சதவீத க்ரீம் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. நெதர்லாந்தில் 624 பேரை வைத்து நான்கு சிகிச்சைகளை ஒப்பிட்ட ஆய்வு 2019-இல் வெளிவந்தது. சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, இந்த க்ரீம் போட்டவர்களில் சுமார் 75 சதவீதம் பேருக்குப் பலன் நிலைத்திருந்தது. அடுத்து வந்த இமிக்விமாட் க்ரீமுக்கு 54 சதவீதம். மருந்தைத் தடவி ஒளி பாய்ச்சும் ஃபோட்டோடைனமிக் சிகிச்சைக்கு 38 சதவீதம். நான்காவதாக ஒப்பிட்ட மருந்து அடுத்த ஆண்டே ஐரோப்பாவில் திரும்பப் பெறப்பட்டுவிட்டது.

அப்பாவுக்கு இந்த க்ரீமை எழுதிக்கொடுத்தால், வீட்டில் எல்லோருக்கும் முன்கூட்டியே ஒன்று சொல்லிவைக்க வேண்டும். வழக்கமாக ஒரு நாளைக்கு இரண்டு வேளை, இரண்டு முதல் நான்கு வாரம் வரை போடச் சொல்வோம். இரண்டாவது வாரத்தில் தலை சிவந்து, எரிந்து, தோல் உரிந்து, பார்க்கவே பயமாக இருக்கும். 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்று பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் நிறைய. உண்மையில் மருந்து வேலை செய்கிறது என்பதன் அடையாளம் அது. கெட்டுப்போன செல்கள் சாகின்றன. புண் ஆழமானால், சீழ் வைத்தால் மட்டும் மருத்துவரிடம் ஓடுங்கள். மருந்து போட்ட கையை நன்றாகக் கழுவ வேண்டும். வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால் அந்த மருந்தைத் தொடவே கூடாது. நாயோ பூனையோ வளர்த்தால் இன்னும் கவனம்: குழாயைக் கடித்தாலும், மருந்து போட்ட இடத்தை நக்கினாலும் அவற்றின் உயிருக்கே ஆபத்து.

எரிச்சலைத் தாங்க மாட்டார் என்றால் டைக்ளோஃபெனாக் 3 சதவீத ஜெல் சாதுவானது, ஆனால் 60 முதல் 90 நாள் வரை போட வேண்டும். பலனும் குறைவு. டிர்பானிபுலின் என்ற புதிய களிம்பு 2020-இன் கடைசியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஐந்தே நாள் போட்டால் போதும் என்பது வயதானவர்களுக்குப் பெரிய வசதி. சிகிச்சை எதுவானாலும், வெளியே போகும்போது அகல விளிம்புள்ள தொப்பி போடாவிட்டால் பாதி வேலை வீண்.

மகள் விஷயம் சுலபம். அவளுக்கு இருப்பது கெரட்டோசிஸ் பிலாரிஸ். முடிக்கால் துளையைக் கெரட்டின் அடைத்துக்கொள்வதால் முள் முள்ளாகத் தட்டுப்படுகிறது. அந்த வயதில் ஏராளமான பிள்ளைகளுக்கு இருக்கும். வயது ஏற ஏறப் பெரும்பாலும் குறைந்துவிடும். எடுக்க வேண்டியது எதுவும் இல்லை. குளித்து ஈரம் காயும் முன் 10 முதல் 20 சதவீத யூரியா உள்ள க்ரீம், அல்லது லாக்டிக் அமிலம் கலந்த லோஷன் தடவச் சொல்லுங்கள். சில வாரம் கழித்து மிருதுவாகும், நிறுத்தினால் திரும்ப முள் தட்டும். நார் போட்டுத் தேய்ப்பதும் நகத்தால் கிள்ளுவதும் வேண்டாம். முள் போய் கறுப்புப் புள்ளி மிஞ்சும்.

சரி, இப்போது உங்களுக்கு வருவோம்.

முதுகில் இருப்பதை எடுக்கலாம் என்பது என் கருத்து. உடை உரசுகிறது, அரிக்கிறது, அதுவே போதுமான காரணம். செபொரிக் கெரட்டோசிஸில் ஒரு நல்ல குணம் உண்டு. அது தோலின் மேலடுக்கிலேயே உட்கார்ந்திருக்கிறது, வேர்விட்டு உள்ளே இறங்குவதில்லை. அதனால் ஆழமாக வெட்ட வேண்டாம், தையலும் வேண்டாம். மரத்துப்போக ஊசி போட்டு, க்யூரெட் என்ற கூர்விளிம்புக் கருவியால் சுரண்டியோ, மெல்லிய பிளேடால் தோல் மட்டத்துக்குச் சீவியோ எடுத்துவிடலாம். எடுத்த துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். உங்கள் விஷயத்தில் நான் லேசரைவிட இந்த வழியை விரும்புவதற்குக் காரணமே அதுதான். லேசர் திசுவை ஆவியாக்கிவிடும், பரிசோதிக்க ஒன்றும் மிஞ்சாது. மிக அபூர்வமாகத்தான் என்றாலும், செபொரிக் கெரட்டோசிஸ் என்று நினைத்தது மெலனோமா என்ற ஆபத்தான தோல் புற்றாக இருந்த கதைகள் உண்டு. எனவே கறுத்த, பெரிய எதையும் எரிப்பதற்கு முன் ஒரு தோல் மருத்துவர் டெர்மாஸ்கோப் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். பெரிதாக்கிக் காட்டும் சின்னக் கையடக்கக் கருவிதான் அது. செபொரிக் கெரட்டோசிஸ் என்றால் உள்ளே வெள்ளை மணிகள் போன்ற கட்டிகளும், அடைத்த துளைகளும், மூளையின் மடிப்பு போன்ற வரிகளும் தெரியும். அந்த மையத்தில் அப்படிப் பார்த்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. பார்க்கவில்லை என்றால், பார்க்கும் இடத்துக்குப் போங்கள்.

முகத்தில் இருப்பவற்றுக்கு மருத்துவ ரீதியில் சிகிச்சையே தேவையில்லை. அப்படியே விட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் தினமும் கண்ணாடியில் பார்ப்பது நீங்கள். மனசுக்கு உறுத்துகிறது என்றால் எடுப்பதில் எந்தத் தவறும் இல்லை, அதற்காக யாரிடமும் கூச்சப்பட வேண்டாம். ஒன்றை மட்டும் யோசியுங்கள்: எடுத்த பிறகு அந்த இடம் எப்படி இருக்கும்? நம் நிறத் தோலில் முளையை எடுப்பது சுலபம், சுவடில்லாமல் எடுப்பதுதான் கஷ்டம். கொஞ்சம் ஆழம் கூடினால் முப்பது முளைகளுக்குப் பதில் முப்பது கரும்புள்ளிகளோ வெள்ளைப் புள்ளிகளோ நிற்கும். கரும்புள்ளி மாதக்கணக்கில் மங்கும். வெள்ளைப் புள்ளி சில நேரம் மங்காமலே போகும்.

இதனால்தான் உங்கள் முகத்துக்குத் திரவ நைட்ரஜன் வேண்டாம் என்கிறேன். தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்கள் குளிரை அறவே தாங்காதவை. மைனஸ் 4 முதல் 7 டிகிரியிலேயே செத்துவிடும். கெரட்டோசிஸ் செல்லைக் கொல்ல அதைவிட வெகுவாகக் குளிர வேண்டும். அதாவது முளை விழுவதற்கு முன்பே நிறம் போய்விடும். தொழிலுக்கு வந்த புதிதில், படித்ததை அப்படியே செய்து, ஒரு பெண்மணியின் நெற்றியில் இருந்த கெரட்டோசிஸை உறையவைத்தேன். முளை அழகாக விழுந்தது. அந்த இடத்தில் வந்த வெள்ளை வட்டம் மூன்று வருடம் கழித்தும் இருந்தது. அவர் என்னைக் கோபிக்கவில்லை. ஆனால் நான் படித்த பாடங்களில் பெரும்பகுதி வெள்ளைத் தோலை வைத்து எழுதப்பட்டது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

முகத்துக்கு நான் முதலில் யோசிப்பது மிகக் குறைந்த மின்சக்தியில் நுனியை லேசாகக் கருக்கும் சிகிச்சை. மெல்லிய ஊசிமுனையால் ஒவ்வொரு முளையையும் ஒரு நொடிக்கும் குறைவாகத் தொடுவோம். காம்புள்ளவை இருந்தால் நுண்ணிய கத்தரியால் நறுக்கிவிடலாம். லேசரும் தப்பில்லை. எர்பியம், கார்பன் டை ஆக்சைடு, என்டி-யாக் என்று பல வகை இருக்கின்றன. ஆனால் கருவியின் பெயரைவிட அதைப் பிடிக்கும் கை முக்கியம். கறுப்புத் தோலில் பழகிய கையா, குறைந்த சக்தியில் தொடங்கும் பொறுமை இருக்கிறதா என்று பாருங்கள். முழுசாக ஒரே தடவையில் எடுப்பதைவிட, கொஞ்சம் மிச்சம் வைத்து இரண்டாவது தடவை தொடுவது நல்லது.

'ஒரே நாளில் எல்லாம்' என்ற பேச்சு எனக்குப் பிடிக்காததும் இதனால்தான். முதலில் காதோரமாக, முடி மறைக்கும் இடத்தில் இரண்டு மூன்றை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். ஆறு முதல் எட்டு வாரம் பொறுங்கள். உங்கள் தோல் எப்படி ஆறுகிறது என்று அந்த இரண்டு மூன்றும் சொல்லிவிடும். முன்பு ஏதாவது காயத்தில் தழும்பு கெட்டியாகப் புடைத்து வளர்ந்த அனுபவம் இருந்தால், கீலாய்டு என்பார்கள், அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். முதுகும் கீலாய்டு வரக்கூடிய இடம்தான்.

வலியைப் பற்றி: லிடோகெய்ன், பிரிலோகெய்ன் கலந்த மரத்துப்போகும் க்ரீமை ஒரு மணி நேரம் முன்னால் பூசினால் லேசான சுருக்கோடு போய்விடும். அதை மருத்துவர் சொன்ன அளவில் மட்டும் பூசுங்கள்; பெரிய பரப்பில் தாராளமாக அப்பினால் மருந்து ரத்தத்தில் ஏறும். எடுத்தபின் சின்னப் பொருக்குகள் வரும், ஒரு வாரம் பத்து நாளில் தானாக உதிரும். கிள்ளினால் கரும்புள்ளி நிச்சயம். வாசலின் மெல்லிசாகத் தடவி ஈரப்பதமாக வைத்திருங்கள். உதிர்ந்த பிறகு குறைந்தது இரண்டு மூன்று மாதம் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்க்ரீன் போடுங்கள். இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறம் ஏற்றியது கிடைத்தால் அதை வாங்குங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நம் தோலைக் கறுக்கவைக்கும், சாதாரண சன்ஸ்க்ரீன் அதைத் தடுப்பதில்லை.

திரும்ப வருமா என்று கேட்டீர்கள். சரியாக எடுத்த இடத்திலேயே திரும்ப வருவது குறைவு. பக்கத்தில் புதிது முளைப்பதைத் தடுக்க மருந்து கிடையாது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை போய்ச் சிலவற்றை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கலாம் என்று மனசைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் சில மாதங்களுக்குள் திடீரென்று உடம்பெங்கும் டஜன் கணக்கில் வெடித்துக் கிளம்பினால் அது வேறு. அபூர்வமாக அது வயிற்றுக்குள் இருக்கும் புற்றுக்கு அறிகுறியாக இருக்கும் என்பதால் பொது மருத்துவரையும் பார்க்க வேண்டும். உங்களுக்குப் பத்து வருடமாக நிதானமாக வந்தவை, அந்தக் கவலை வேண்டாம்.

நூலால் இறுகக் கட்டுவது, மருவுக்கான அமிலத்தைத் தொட்டு வைப்பது, இணையத்தில் விற்கும் 'மச்சம் உதிர்க்கும்' களிம்புகள் எல்லாம் கூடவே கூடாது. அமிலத்துக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாது. ஹைட்ரஜன் பெராக்சைடு பற்றியும் எங்காவது படித்திருப்பீர்கள். 40 சதவீத வீரியமுள்ள ஒரு மருந்துக்கு 2017-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது உண்மை. அதை மருத்துவர்தான் போட வேண்டும், பல முறை போட்டும் நிறையப் பேருக்கு முழுசாகப் போகவில்லை. தயாரித்த நிறுவனமே பிறகு விற்பனையை நிறுத்திவிட்டது. முதலுதவிப் பெட்டியில் இருக்கும் 3 சதவீதத் திரவம் அந்த வேலையைச் செய்யாது.

இந்த வாரமே அப்பாவை அழைத்துப் போங்கள். தொப்பியைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் தலை முழுக்க, காதுகள், புறங்கை எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். அதே நாளில் உங்கள் முதுகையும் டெர்மாஸ்கோப்பில் பார்த்துவிட்டால் இன்னொரு நடை மிச்சம். உங்கள் கன்னங்கள் அப்பாவின் பயாப்ஸி முடிவு வரும்வரை காத்திருக்கலாம், அவற்றுக்கு அவசரமே இல்லை.